பன்னிரண்டுக்கு ஆறு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கினார், இந்தப் பக்கம் மேசை மேல் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் அந்தப் பெண் இன்னும் சத்தம் எதையும் அனுப்பவில்லை. சுகிர்தா அதைப் பார்த்துவிட்டாள். ஃபர்ஸானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண்ணின் விரல் திருகியின் மேல் சும்மா கிடந்தது, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் போய் விளக்கு எரிகிறது. ஒரு தடவை என்றால் கை பட்டிருக்கும் என்று விடலாம். இது மூன்றாவது தடவை. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் மட்டும் அமுக்க வேண்டிய ஒயர் கோத்த பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் அவள் கணவர் ஜெயசீலன், அறுபத்து நான்கு வயது, திருட்டுத்தனம் செய்கிறார். சுகிர்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கரூர் கோவை ரோட்டில் இந்தக் காது மருத்துவமனை இரண்டாவது மாடியில் இருக்கிறது, கீழே பஸ் ஹாரன் அடிப்பது இங்கே மெல்லிசாகத்தான் கேட்கிறது, ஏசி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் பாடுகிறது, அதற்கு அரைச் சுரம் கீழே எங்கோ ஒரு ஃபிரிட்ஜ், இரண்டும் உரசுகிற இடத்தில் ஒரு சின்ன நடுக்கம், அதுவும் அவளுக்குக் கேட்கிறது. அறுபத்தொரு வயதில் அவளுக்கு எல்லாம் கேட்கிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், அதைவிட அதிக வருடம் கோயில் பாடகர் குழுத் தலைவி, நாற்பது பேர் பாடும்போது யார் கால் சுரம் தொங்குகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். கர்த்தர் இந்தக் காதை எனக்குக் கொடுத்து என்னத்தைக் கண்டார் என்று நினைத்தாள், உடனே அந்த நினைப்புக்குப் பயந்து, மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள்.

பிரச்சினை விளக்கில் இல்லை, பதினாறில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால், இவரை உள்ளே உட்கார வைப்பதற்கு முன்னால், அந்தப் பெண் விவரம் கேட்டாள். சர்க்கரை இருக்குங்களா, காதுல சீழ் வந்ததுண்டுங்களா, வீட்டுல வேற யாருக்காச்சும் காது மந்தமுங்களா. எல்லாவற்றுக்கும் சுகிர்தாதான் பதில் சொன்னாள், இவர் தலையாட்டினார். சத்தம் அதிகமா இருக்கற எடத்துல வேல பாத்தீங்களா அங்கிள் என்று கேட்டபோது மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. "பஸ் பாடி கட்டற கம்பெனிம்மா" என்றார் சந்தோஷமாக. "மொதல்ல மரவேல. சட்டமெல்லாம் மரத்துலதான் அடிப்போம். அதுல ஒண்ணும் பெரிய சத்தமில்ல. அப்புறம் மரம் போயிருச்சு, இரும்பும் தகடும் வந்துருச்சு, என்னையத் தகடு செக்ஷனுக்குத் தள்ளீட்டாங்க. ரிவெட் அடிக்கறது." எத்தனை வருஷம் அங்கிள்? அவர் விரல் விட்டு எண்ணினார். நாப்பத்திரண்டு வயசுல போனேன், அம்பத்தெட்டுல வெளிய வந்தேன். "பதினாறும்மா." அந்தப் பெண் பதினாறு என்று எழுதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், இவளைப் பார்த்துத்தான் சொன்னாள்: "அந்தப் பதினாறு வருஷம்தாங்க ஆன்ட்டி காதத் தின்னுருக்கும். மரவேலயோட வெளிய வந்திருந்தார்னா இவ்வளவு ஆயிருக்காது." அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சுகிர்தா அங்கேயே நின்றுவிட்டாள். நாற்பத்திரண்டு. அந்த வருடம் அவர் வெளியே வருவதாகத்தான் இருந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதி, தேதி மட்டும் போடாமல், பைபிளுக்குள் வைத்திருந்தார், சங்கீதங்களுக்கு நடுவில். அவரை வெளியே வரவிடாமல் பிடித்துத் தகட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் நிறுத்தியது கம்பெனி இல்லை, கடவுள் இல்லை. அவள்தான். வேறு யாருக்கும் இது தெரியாது. அவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கித்தார்தான். கேட்டால் யாரும் சிரிப்பார்கள், ஒரு கித்தாருக்காகவா என்று. ஜெயசீலன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார், மற்ற நாளில் கல்யாணக் கச்சேரிக்குப் போவார், கரண்ட் கித்தார், ஆனால் வாசிப்பதைவிட அவருக்குப் பைத்தியம் மரத்தின் மேல்தான். பகலெல்லாம் மரத்தைத் தொடுகிற கை. எந்தப் பலகையைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், காதை வைப்பார், பெண் பார்க்க வந்தபோதே சுகிர்தா வீட்டு அலமாரியைத் தட்டிப் பார்த்தவர். கரண்ட் கித்தாரில் உள்ளே பொந்து கிடையாது, கெட்டிப் பலகை, கம்பி ஆடுவதை அடியில் இருக்கிற காந்தம் பிடித்து ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அப்புறம் பலகை எதுவாக இருந்தால் என்ன, பிளைவுட்டில் செய்தாலும் அதே சத்தம்தான் என்று கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்த ரூஃபஸ் கேலி செய்வான். இவர் கோபப்பட மாட்டார். "மரம் சத்தம் போடும்னு நான் சொல்லவே இல்லடா. கம்பியோட ரெண்டு தலையையும் புடிச்சிருக்கறது மரம். கம்பி ஆடறப்ப அதுல கொஞ்சத்த மரம் தின்னுரும். எத திங்குது, எத மிச்சம் வெக்குது, அதான் விஷயம். தேக்கு இருக்குதுல்ல, எண்ணெ மரம், எல்லாத்தையும் மெதுவா முழுங்கீரும். மகாகனி மேல இருக்கற கூர்ப்பத் தின்னுட்டு நடுவுல இருக்கறத விட்டுரும், அதான் கதகதன்னு இருக்கும். பலா இறுக்கம், ஒண்ணும் திங்காது, குடுத்தத அப்படியே திருப்பிக் குடுக்கும்." சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். அதைச் சொன்னதே இல்லை. சோறு ஆறுதுங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

விளக்கு எரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே ஏதோ அனுப்பியிருந்தாள் போலிருக்கிறது, அந்தப் பெண் தாளில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டாள். வட்டங்கள் இடப் பக்கம் மேலே ஆரம்பித்துப் படி இறங்குகிற மாதிரி வலப் பக்கம் கீழே கீழே போகின்றன. இடப் பக்கம் தடித்த சத்தம், வலப் பக்கம் கூரான சத்தம் என்று ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தாள். கீழே போகப் போக மோசம். அவருக்குத் தடித்தது கேட்கிறது. கூரானது இல்லை. அதனால்தான் கோயிலில் இரண்டு மாதமாக ஆம்ப்ளிஃபயரில் கூர்ப்பைக் கூட்டிக் கூட்டி வைக்கிறார், வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், போதகர் நயமாக அண்ணன் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கலாமே என்றார். அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம். அதற்கு வாசிக்க வேண்டும், அதனால்தான் இந்தத் திருட்டு அமுக்கல், காது நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதி வாங்கிப் போதகரிடம் காட்ட வேண்டும். பாவி மனுஷா. கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறாயே. நான் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொன்னேன். இந்த வாக்கியம் மனதில் வந்ததும் சுகிர்தா பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. சுவரில் காதின் படம், உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒன்று, அதற்குள் இருக்கிற முடிகள் ஒரு தடவை போனால் திரும்ப முளைக்காது என்று எழுதியிருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்ததில்தான் தொடங்கியது. கச்சேரியில் இவர் கையால் செய்த ஒரு கித்தாரைப் பார்த்துவிட்டு, நீங்க செஞ்சு குடுங்க, எத்தன செஞ்சாலும் நான் எடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் இவருக்குத் தூக்கமே இல்லை. அவளுக்கும் இல்லை, வேறு காரணத்துக்கு. அவள் அப்பா அப்படி ஒரு நாள் கூட்டுறவு சொசைட்டி வேலையை விட்டுவிட்டு ஆர்மோனியம் ரிப்பேர் கடை போட்டவர். அப்பாவுக்கும் தூக்கமில்லாமல் கண் மின்னிக்கொண்டுதான் இருந்தது. கடை ஒன்பது மாதம் இருந்தது. அப்புறம் அம்மா அடுத்த தெருவில் நான்கு வீட்டுக்கு மாவாட்டினாள், கல்லில், அந்தக் கல் சுற்றுகிற சத்தம் சுகிர்தாவுக்கு இப்போதும் எந்தச் சுரம் என்று தெரியும். அவள் வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார், வருத்தத்தோடு, ஆனால் அவள்மேல் வருத்தத்தோடு. அது பரவாயில்லை, அது நியாயமான கணக்கு. அவர் என்ன செய்தார் என்றால், முடிவை அவள் காதில் கொண்டுவந்து வைத்தார். "சுகிர்தா, எனக்கு வித்தியாசம் கேக்குது. ஆனா நான் செஞ்சவன், எனக்குக் கேக்கத்தான் செய்யும். உனக்குக் கேட்டாத்தான் அது நெஜம். உன் காதுக்கே தெரியலேன்னா இந்த உலகத்துல எவனுக்கும் தெரியாது, அப்ப நான் பைத்தியக்காரன்னு அர்த்தம், பேசாம வேலைக்குப் போயிக்கறேன்." அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு கித்தார் செய்தார். ஒன்று பலா, இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து. ஒன்று மகாகனி. ஒரே அச்சில் வெட்டினார். கழுத்து இரண்டும் ஒரே பலகை. காந்தம் இரண்டும் ஒரே பெட்டியில் வந்த ஜோடி, கம்பி ஒரே நாளில் மாட்டியது. இரண்டுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்தார், தனக்கே அடையாளம் தெரியக் கூடாது என்று. ஆனால் தோளில் மாட்டினால் கனத்திலேயே தெரிந்துவிடும், அதை அவர் யோசிக்கவில்லை, பிறகு அசடு வழிந்தார்.

சனிக்கிழமை, மத்தியானம் நான்கு மணி இருக்கும். மகள் பெனிட்டா டியூஷனுக்குப் போயிருந்தாள். வெளியே கிரிக்கெட் பந்து சுவரில் மோதுகிற சத்தம். ஹாலில் குறுக்கே கொடி கட்டி, நீலப் பூ போட்ட போர்வையை மாட்டினார், போர்வைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாற்காலியில் அவள், நடுவில் ஆம்ப்ளிஃபயர். காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் பலா, தலை விழுந்தால் மகாகனி. ஒரே நான்கு சுரம், ஒரே வேகம். முதலில் பலா, அடுத்து மகாகனி என்று இரண்டையும் ஒரு முறை வாசித்துக் காட்டி, இது ஒண்ணு, இது ரெண்டு, நல்லா மனசுல வெச்சுக்க என்றார். மனதில் வைக்க என்ன இருக்கிறது. அப்பா என்று கூப்பிடுவதற்கும் அம்மா என்று கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பலாவில் விரல் கம்பியைத் தொட்ட அந்தக் கணமே தெரிந்தது, சுரத்தின் தலையில் ஒரு சின்ன வெளிச்சம், உடனே பிறந்து உடனே சுத்தமாக நிற்கிறது, நின்று நீளமாகப் போகிறது. மகாகனி கொஞ்சம் தயங்கி, போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அதுவும் அழகுதான். ஆனால் பலா, அய்யோ, அந்தப் பலா. வாழ்க்கையில் அவள் கேட்ட சத்தங்களிலேயே தனியான ஒன்று அது. பன்னிரண்டு தடவை வாசிப்பார், ஒவ்வொரு தடவையும் அவள் ஒண்ணா ரெண்டா என்று சொல்ல வேண்டும். ஒண்ணு, என்றாள். காசு தட்டில் விழுந்தது. ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. நான்கும் சரி. நான்காவது சொன்னதும் போர்வைக்குப் பின்னால் அவர் மூச்சு மாறியது. அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த மூச்சிலேயே கேட்டது. காசை இன்னும் உயரமாகச் சுண்டினார், அது தட்டில் விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது, அந்த உருளலில் அவளுக்கு மாவாட்டுகிற கல் கேட்டது. ஐந்தாவது பலா. சந்தேகமே இல்லை. ரெண்டு என்றாள்.

முதல் பொய் சொல்வது சுலபமாக இருந்தது, மிச்சம்தான் கஷ்டம். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னால் தெரிந்துதான் சொல்கிறாள் என்றாகிவிடும், பாதிக்குப் பாதி வர வேண்டும். ஆறாவது தப்பு. ஏழாவது சரியாகச் சொன்னாள். எட்டு, ஒன்பது, பத்து தப்பு. ஒவ்வொன்றையும் தப்பாகச் சொல்வதற்கு ஒவ்வொன்றையும் சரியாகக் கேட்க வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்தப் பாட்டையும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, ஒவ்வொரு சுரத்தின் நுனியையும் கேட்டுக் கேட்டுப் பொய் சொன்னாள். பதினொன்று சரி. பன்னிரண்டு தப்பு. போர்வைக்குப் பின்னால் பென்சில் கொஞ்ச நேரம் கிறுக்கியது, நின்றது. அவர் போர்வையை விலக்கிக்கொண்டு வரவில்லை. அங்கிருந்தேதான் சொன்னார். "ஆறு. பன்னெண்டுக்கு ஆறு." அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "காசச் சுண்டிப் போட்டாலும் இதேதான் வந்திருக்கும்" என்றார். அவள் என்ன சொன்னாள்? டீ போடட்டுங்களா என்று கேட்டாள். ஆமாம், அதைத்தான் கேட்டாள். டீ போட்டாள், சர்க்கரை அதிகமாகப் போட்டாள், அவர் குடித்தார். திங்கட்கிழமை பைபிளைத் திறந்தபோது கடிதம் அங்கே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பென்சில் தாளை அவர் சரியாகப் பார்த்திருந்தால் பிடிபட்டிருப்பாள். முதல் நான்கும் வரிசையாகச் சரி, அப்புறம்தான் எல்லாம் கெடுகிறது. கள்ளத்தனம் அப்படியே எழுதி வைத்திருந்தது. ஆனால் அவர் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை. அவள் காதை அவர் நம்பினார். தன் காதைவிட நம்பினார், அதுதான், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அதைவிட அறுப்பது அந்தப் பலகை. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் பின்பக்கம் ரம்பச் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் பலாக் கித்தாரின் உடலை அறுத்துக்கொண்டிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான்னா ரெண்டு எதுக்கு? இது கனமா வேற இருக்குது, தோள் வலிக்கும். மகாகனியே போதும்." இழைத்து, பெயிண்ட் போகச் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். காய் நறுக்குகிற பலகை. இடுப்பு வளைவு ஒரு ஓரத்தில் அப்படியே மிச்சம் இருந்தது, அந்த வளைவு கைக்கு அடக்கமாக இருக்கிறது பார் என்றார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ரம்பம் பாதி தூரம் போயிருந்தபோதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருடமாக அதில்தான் வெங்காயம், அதில்தான் பீன்ஸ், கத்தி பலகையில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ட்டங், ட்டங், அந்த மரம் இன்னும் எதையும் தின்னாமல் திருப்பிக் கொடுக்கிறது. அவளுக்குக் கேட்கிறது. காலையும் சாயங்காலமும் கேட்கிறது. அதற்கு நடுவில் அவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று ரசத்தை மோந்து பார்த்து, "இன்னிக்கு ரசம் எப்படி, பன்னெண்டுக்கு ஆறா?" என்பார். வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, பையன் பன்னெண்டுக்கு ஆறுதான், ஆனா பெனிட்டாவுக்குப் புடிச்சிருக்குது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். எத்தனை தடவை சொல்ல வாயெடுத்திருப்பாள். பென்ஷன் வந்த அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். பேரன் பிறந்தபோது. அவருக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது. சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, சிரிப்பார், அடிப்பாவி என்பார் என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள் அந்த முகம் எப்படி மாறும் என்று தோன்றும். மாவாட்ட வேண்டி வந்திருந்தால் ஆட்டியிருக்கலாமே, அம்மா ஆட்டி நான் செத்தா போய்விட்டேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் பாருங்களே." அந்தப் பெண் தாளைத் திருப்பிக் காட்டினாள். வலப் பக்கம் வட்டங்கள் தாளின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. "இந்த எடமெல்லாம் அனேகமா போயிருச்சுங்க. காதுல மிஷின் வெச்சா பேச்சு புரியும், ஆனா பாட்டுல மேல இருக்கற அந்த நைஸெல்லாம் வராது." அதுதான் அந்த இடம். பலாவின் தலையில் இருந்த அந்த வெளிச்சம் சரியாக அங்கேதான் இருந்தது. இனிமேல் ஓராயிரம் பலா மரத்தை வெட்டினாலும் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு அவள் சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. "ஆனா இத வெச்சு உறுதியாச் சொல்ல முடியலீங்க ஆன்ட்டி. அங்கிள் சத்தம் வராமலே அமுக்கறாரு. நான் ரெண்டு தடவ சொல்லீட்டேன், தலையத் தலைய ஆட்டறாரு. நீங்க சொன்னாக் கேப்பாருன்னு நெனக்கறேன். இந்த மைக்குல பேசுங்க, நல்லா சத்தமா வெச்சிருக்கேன், ஹெட்போன்ல கேக்கும்." சுகிர்தா எழுந்து மேசைக்கு வந்தாள். சின்ன மைக், வளைகிற கழுத்து, அடியில் ஒரு சுவிட்ச், அதை அந்தப் பெண்ணே ஒரு தடவை அமுக்கிக் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இவளைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்தினார், எல்லாம் கேக்குது என்று. இரட்டைக் கண்ணாடி, நடுவில் இவள் முகமும் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் அன்றைக்குப் போர்வை இருந்தது, இன்றைக்கு இது. அன்றைக்கு அவர் வாசித்தார், இவள் சொல்ல வேண்டியிருந்தது. சுவிட்சை அமுக்கினாள். "என்னங்க. கேட்டா மட்டும் அமுக்குங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்த முகம். சரி என்று தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்துத்தான், அவர் ஒருவர் மட்டும் பிடிபடுவது நியாயமில்லை என்றுதான், இவ்வளவு வருடமும் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுங்க, என்றாள். ரெண்டும் வேற வேறங்க. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் பொய் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், தலையைச் சாய்த்து, மரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. கை அமுக்கியது. விளக்கு எரிந்தது.

கேட்டுவிட்டது. சுகிர்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அவளையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஆன்ட்டி, அந்த சுவிட்ச அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பேசணுங்க. நீங்க முன்னாடியே விட்டுட்டீங்க. கடைசில பேசினது உள்ள போயிருக்காது." சுகிர்தா தன் விரலைப் பார்த்தாள். அது சுவிட்சில் இல்லை, மேசை மேல் இருந்தது. அப்படியானால் அவர் எதற்கு அமுக்கினார். அவள் உதடு அசைவதைப் பார்த்து அமுக்கியிருக்கிறார். அவள் பேசுகிறாள், கேட்டதாகச் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள் என்று அமுக்கியிருக்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இத்துடன் விட்டுவிடலாம். சொல்லியாயிற்று, அவருக்குக் கேட்கவில்லை, கர்த்தருக்குக் கேட்டிருக்கும், போதும் என்று விட்டுவிடலாம். வீட்டுக்குப் போய் டீ போடலாம். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கட்டை விரலால் சுவிட்சை அமுக்கினாள், நகம் வெளுக்கிற அளவுக்கு. "என்னங்க, போர்வை கட்டி கித்தார் வாசிச்சீங்கல்ல. பலாவும் மகாகனியும். எனக்குக் கேட்டுச்சுங்க. ரெண்டும் வேற வேற. வேலைய விட்டுருவீங்கன்னு பயந்துக்கிட்டு வேணும்னே தப்பாச் சொன்னேன். நீங்க பைத்தியக்காரர் இல்லீங்க. நீங்க சொன்னதுதாங்க சரி."

விளக்கு எரியவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏசி தன் சுரத்தைப் பாடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லையோ, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாரோ, கேட்டால் மட்டும் அமுக்கச் சொன்னேனே, அப்படியானால் கேட்கவில்லை, இல்லை, அந்தக் கண் கேட்ட கண். அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கீழே இறங்கிக் கையிலிருந்த பொத்தானில் போய் நின்றது, ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது, மறுபடி மேலே வந்தது. கண் நிறைந்திருந்தது. இன்னொரு கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். எத்தனை? உதடும் அதையே சொன்னது. சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை, அது தேவைப்படவுமில்லை. சுகிர்தா சுவிட்சை விட்டாள். இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் கண்ணாடிக்கு எதிரில் காட்டினாள். பிறகு கைகளை மூடி, ஒரு கையில் இரண்டு விரலை மட்டும் நீட்டினாள். அவர் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தும் இரண்டும் என்று மெல்ல உதடு கூட்டியது. இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சேர வேண்டியது, அவள் தப்பாகச் சொன்ன அந்த ஆறு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. அணையும் என்று பார்த்தாள், அணையவில்லை.

"ஆன்ட்டி, அங்கிள் அமுக்கிக்கிட்டே இருக்கறாரு. நான் சத்தமே குடுக்கலீங்களே."

"அவருக்குக் கேட்டிருச்சும்மா" என்றாள் சுகிர்தா. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.